களமும் கோடும்: திறந்தவெளிச் சித்திரப் பயிற்சியும் அதன் கலைச்சொற்களும்

முன்னுரை

தாளும் பென்சிலும் கொண்டு மாணவர் சிலர் ஆசிரியர் ஒருவரோடு வெளியிற் சென்று, கண்ணெதிரே காண்பதை அங்கேயே அமர்ந்து விரைந்து வரைந்து பழகும் முறை இந்தியக் கலைக்கல்வியில் வேரூன்றிய ஒன்றாகும். ஆங்கிலவழிக் கல்வியில் இது 'அவுட்டோர் ஸ்கெட்சிங்' எனப்படுகிறது. இம்முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றோடு பின்னிப் பிணைந்த சொல்வழக்கும் உண்டு. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'ஸ்கெட்ச்' என்னும் சொல் இப்பயிற்சியைக் குறிக்குமிடத்து மூன்று கூறுகளை உட்கொண்டுள்ளது. ஒன்று, அது வண்ணத்தினும் கோட்டையே முதன்மையாகக் கொள்வது. இரண்டு, விரைவில் முடிவது. மூன்று, பொருள் உள்ள இடத்திலேயே அப்பொருளை நேரிற் கண்டு செய்யப்படுவது. இதற்கு இந்திய மொழிகளில் வழங்கும் இணைச்சொற்கள் பெரும்பாலும் முதற்கூறாகிய கோட்டை மட்டுமே சுட்டுகின்றன. எஞ்சிய இரண்டும் மொழிபெயர்ப்பில் நழுவிவிடுகின்றன. அவ்வாறு நழுவுவது சிறு குறைபாடன்று என்பதையும், இப்பயிற்சி எந்தக் கற்பித்தல் முறையை மறுத்து எழுந்ததோ அம்முறையையே மீண்டும் உள்ளே கொண்டுவந்துவிடும் என்பதையும் கீழ்வரும் செய்திகள் புலப்படுத்தும்.

சொல் வரலாறு

ஆங்கிலச் சொல் 17ஆம் நூற்றாண்டில் டச்சு மொழியின் 'ஸ்கெட்ஸ்' என்பதன் வழியாக வந்தது. அதற்கு மூலம் இத்தாலியச் சொல்லாகிய 'ஸ்கிட்ஸோ'. இதனை, முன்னேற்பாடின்றி அவ்வப்போதே செய்யப்படுவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லோடு தொடர்புபடுத்துவது பரவலான கொள்கை. நீர் தெறித்தலைக் குறிக்கும் இத்தாலிய வினையோடு இணைத்துக் காண்பாரும் உளர். எக்கொள்கையை ஏற்பினும் அச்சொல்லின் அடியில் நிற்பது கோடு அன்று. உடனடித் தன்மையே ஆகும்.

இந்திய மொழிகளின் நிலை வேறு. வங்காளம், இந்தி, கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றில் 'ரேகாசித்திரம்' என்னும் வடசொல் ஆட்சி பரவியுள்ளது. ரேகை என்பது கோடு. தமிழில் வழங்கும் கோட்டோவியம், கோட்டுச் சித்திரம் என்பனவும் இவ்வழியினவே. உருதுவிலும் இந்தியிலும் வழங்கும் 'காகா' என்னும் பாரசீகச் சொல் இங்குத் தனியே கருதத்தக்கது. இது மண், புழுதி எனப் பொருள்படும் 'காக்' என்பதோடு தொடர்புடையது. சிற்றோவியப் பட்டறைகளில் மூலப்படத்தின் கோடுகளின்மேல் ஊசியால் துளையிட்டு, கரித்தூளைத் தட்டி, அவ்வுருவை வேறொரு தாளில் இறக்குவர். அம்முறையை ஒட்டியே இச்சொல் வரைகோட்டு வடிவத்தைக் குறிக்கலாயிற்று. எனவே, அதன் பிறப்பிடம் பட்டறை. அதன் செயல் படியெடுத்தல். ஐரோப்பியச் சொல் உடனடித் தன்மையிலிருந்தும், பாரசீகச் சொல் படியெடுத்தலிலிருந்தும் புறப்பட்டு ஒரே பொருளில் வந்து சந்தித்தன எனலாம்.

தமிழின் பழஞ்சொல் 'புனையா ஓவியம்' என்பது. நெடுநல்வாடையில் இது வருகிறது. வண்ணங்கொண்டு தீட்டாத, வடிவக் கோடு மட்டுமே உடைய சித்திரம் என்பதே உரைகாரர் கொண்ட பொருள். புனைதல் இன்மையைச் சுட்டுவதால், முழுமைக்கு முந்திய நிலை என்னும் கருத்து இதில் உண்டு. ஆயினும் இடமும் விரைவும் இதன் பொருளெல்லையில் இல்லை.

வினைச்சொற்களும் நோக்கத்தக்கன. தமிழில் ஓவியத்தை 'எழுதுதல்' பழவழக்கு. வங்காளத்திலும் படத்தை 'எழுதுதல்' என்னும் வழக்குண்டு. சீன மொழியில் இயற்கையை நேரிற் கண்டு வரைதலைக் குறிக்கும் தொடர், 'உயிரை எழுதுதல்' எனச் சொல்லுக்குச் சொல் பொருள்படும். சப்பானியர் அதே எழுத்துகளை 'ஷசெய்' என்று படிப்பர். ஈழத்தமிழில் இன்றும் படம் 'கீறுதல்' என்பதே இயல்பான வழக்கு. கூரிய கருவி ஒரு பரப்பின்மேல் ஓடும் செயலை அவ்வினை நேரே காட்டுகிறது.

பட்டறைக் கோடும் பள்ளிக் கோடும்

பட்டறை மரபில் மாணாக்கன் குருவின் கோட்டைப் பலமுறை பின்பற்றி வரைந்தே கைப்பழக்கம் பெற்றான். அம்மரபில் நினைவுக்கும் இலக்கணத்திற்கும் இருந்த இடம் நேர்க்காட்சிக்கு இல்லை. குடியேற்ற ஆட்சியில் திறந்தவெளி வரைவு வேறொரு தேவையால் நுழைந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பயிற்சிக்காக இங்கிலாந்தில் 1809 முதல் 1861 வரை நடந்த அடிஸ்கூம்ப் கல்விக்கூடத்தில் நிலக்காட்சி வரைதலும் பாடமாயிருந்தது. சென்னையில் 1794இல் தோன்றிய நில அளவைப் பள்ளியும் இளைஞரை வெளிக்கு அழைத்துச் சென்று பயிற்றிய நிறுவனமே. ஆனால் இவற்றின் நோக்கம் அளத்தலும் பதிவு செய்தலும் ஆகும்; ஆறும் குன்றும் கோட்டையும் ஆட்சிக்குரிய தகவல்களாகவே தாளில் இறங்கின.

1850இல் சென்னையிலும், 1854இல் கல்கத்தாவிலும், 1857இல் பம்பாயிலும் தோன்றிய கலைப்பள்ளிகள் இங்கிலாந்தின் சௌத் கென்சிங்டன் பாடமுறையைப் பெரிதும் தழுவின. அச்சிட்ட மாதிரிகளையும் சுதை வார்ப்புகளையும் பார்த்து வரைவதே அப்பாடமுறையின் அடித்தளம். மாணவர் குழுவாக வெளியே சென்றதும் உண்டு. பம்பாய்ப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் 1872 முதல் தம் மாணவர்களைக் கொண்டு அஜந்தாச் சுவரோவியங்களைப் படியெடுக்கச் செய்தார். 1909 முதல் கிறிஸ்டியானா ஹெரிங்காம் அம்மையாரின் முயற்சியில் நந்தலால் போஸ், அசித் குமார் ஹால்தார், மைசூர் வேங்கடப்பா முதலியோர் அதே பணியில் ஈடுபட்டனர். இடம் வெளியாயினும் செயல் படியெடுத்தலே. எனினும், குகை வாயிலில் மாதக்கணக்கில் கூடித் தங்கி வரைந்த அப்பட்டறிவு, பின்னர் நந்தலால் மேற்கொண்ட கூட்டுப் பயணங்களுக்கு ஒரு முன்னோட்டமாயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும்.

சாந்திநிகேதன் முறை

இரவீந்திரநாத் தாகூர் 1901இல் தொடங்கிய பள்ளியில் வகுப்புகள் மரத்தடியில் நடந்தன. 1919இல் அங்குக் கலாபவனம் தோன்றியது. 1920களின் தொடக்கத்தில் அதன் பொறுப்பை ஏற்ற நந்தலால் போஸ் (1882-1966) 1951 வரை அதனை நடத்தினார். இங்கேதான் திறந்தவெளி வரைவு அளத்தலிலிருந்தும் படியெடுத்தலிலிருந்தும் விடுபட்டு, அறிதலுக்கான வழியாக மாறியது.

இம்மாற்றத்திற்குத் துணைநின்ற கருத்து சப்பானிய அறிஞர் ஒகாகுரா ககுசோவிடமிருந்து வந்தது. இயற்கை, மரபு, தனித்தன்மை ஆகிய மூன்றும் முக்கோணத்தின் பக்கங்களைப்போல் ஒன்றையொன்று தாங்கி நிற்க வேண்டும் என அவர் விளக்கியதை நந்தலால் தம் கற்பித்தலின் அடிப்படையாகக் கொண்டார். பட்டறை மரபு மட்டும் போதாது. இயற்கையைப் பார்த்து வரைவது மட்டும் போதாது. இரண்டும் கூடிய வழியிலேயே தனித்தன்மை தோன்றும் என்பது இதன் பொருள். 1924இல் தாகூருடன் சீனம், சப்பான் ஆகிய நாடுகளுக்குச் சென்ற பயணம் கிழக்காசியரின் மைத்தூரிகை மரபோடு அவருக்கிருந்த உறவை வலுப்படுத்தியது.

சாந்திநிகேதனைச் சூழ்ந்த நிலமே பாடநூலாயிற்று. மழைநீர் அரித்துப் பள்ளமாக்கிய செம்புறை நிலமாகிய 'கொவாய்', கோபாய் ஆறு, சந்தால் மக்களின் ஊர்கள், பனைகள், சந்தை, பௌஷ மாதத் திருவிழா ஆகியவை மாணவரின் தாள்களில் இடம்பெற்றன. நந்தலால் சட்டைப்பைக்குள் அடங்கும் அட்டைகளில் இடைவிடாது வரைந்தார். அஞ்சலட்டைகளில் வரைந்து மாணவருக்கும் நண்பருக்கும் அனுப்பினார். ஆசிரியரும் உடனிருந்து வரைவது இம்முறையின் உயிர்நிலை. மாணவன் பார்த்துப் பின்பற்றியது ஆசிரியரின் முடிந்த படத்தையன்று. அவர் பார்க்கும் முறையை.

குழுவாக வரைவதன் பயனையும் இங்கே கருத வேண்டும். வெளியில் ஒளி நகரும்; நிழல் இடம் மாறும்; மாடு எழுந்து நடக்கும்; தலைச்சுமையோடு வருபவள் சில நொடிகளில் கடந்துவிடுவாள். எல்லாவற்றையும் வரைய இயலாதாகையால் எதை விடுவது என்று முடிவு செய்தே தீரவேண்டும். பத்துப்பேர் ஒரே மரத்தை வரைந்து தாள்களை அருகருகே வைத்து நோக்குமிடத்து, பத்து விதமான விடுபாடுகள் தெரியவரும். பிழை எது, தெரிவு எது என்னும் வேறுபாட்டை மாணவன் தன் தாளை மட்டும் பார்த்து அறிய முடியாது. பிறர் தாளோடு ஒப்பிட்டே அறிகிறான். படியெடுத்தலில் பத்துத் தாள்களும் ஒன்றாயிருப்பதே வெற்றி. களத்தில் அவ்வாறு இருப்பது தோல்வி.

இப்பயிற்சியின் விளைவுகள் பல. வினோத் பிகாரி முகர்ஜி (1904-1980) கொவாய் நிலத்தைத் தம் ஓவியங்களில் மீண்டும் மீண்டும் எழுதினார். ராம்கிங்கர் பைஜ் 1938இல் வடித்த 'சந்தால் குடும்பம்' சிற்பம், வழிநடையில் நாளும் கண்ட மக்களின் அசைவைத் திறந்தவெளியிலேயே நிறுத்தியது. கலாபவன மாணவரான தேவி பிரசாத் 1944 முதல் சேவாகிராமத்தில் ஆதாரக்கல்விப் பள்ளிச் சிறாருக்குக் கலை கற்பித்தார். இதனால் இம்மரபு ஓவியர் பயிற்சியைக் கடந்து பொதுக்கல்வியையும் எட்டியது.

தென்னகத் தொடர்பு

அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப்பள்ளியின் தலைவராயிருந்தார். அப்பொறுப்பை வகித்த முதல் இந்தியர் அவரே. அவரிடம் பயின்று, பின்னர் அதே பொறுப்புக்கு வந்த கே. சி. எஸ். பணிக்கரின் தொடக்ககாலப் படைப்புகள் நீர்வண்ண நிலக்காட்சிகளாக அமைந்தன.

மொழிபெயர்ப்பாளர் அறிய வேண்டிய தொடர்பு மற்றொன்று. 1924இல் கேரளத்தின் கூத்துப்பறம்பில் தமிழ் பேசும் குடும்பத்திற் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியன், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் படித்து, 1944இல் கலாபவனத்தில் சேர்ந்தார். பின்னாளில் நந்தலாலின் கட்டுரைத் தொகுப்பாகிய 'திருஷ்டி ஓ ஸ்ருஷ்டி' என்னும் வங்க நூலை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். விசுவபாரதி 1999இல் அதனை வெளியிட்டது. வங்கத் தலைப்பில் உள்ள ஒலியியைபு ஆங்கிலத் தலைப்பில் இல்லை. தமிழில் 'பார்வையும் படைப்பும்' என்று கொள்ளின் மோனையால் அவ்வியைபு ஓரளவு மீளும். மூலத்திலிருந்து நேரே பெயர்ப்பதன் பயனுக்கு இதுவும் ஒரு சான்று.

மொழிபெயர்ப்புச் சிக்கல்

இனி, தொடக்கத்திற் கூறிய சிக்கலுக்கு வருவோம். கலைக்கல்வி நூல் ஒன்றில் மாணவரைத் தினமும் 'ஸ்கெட்ச்' செய்யச் சொல்லும் தொடர் வருவதாகக் கொள்வோம். அதனைக் 'கோட்டோவியம் வரைக' என்று பெயர்த்தால், பள்ளி ஆசிரியர் ஒருவர் அச்சிட்ட படம் ஒன்றைக் கொடுத்துக் கோட்டில் எழுதச் சொன்னாலும் அக்கட்டளை நிறைவேறியதாகிவிடும். வெளியிற் செல்ல வேண்டும் என்பதும் நேரிற் காண வேண்டும் என்பதும் சொல்லிலிருந்து மறைந்துவிட்டன. நந்தலால் தவிர்க்க விரும்பிய படியெடுத்தல், அவருடைய மரபைச் சொல்லும் நூலின் தமிழ் வடிவம் வழியாகவே வகுப்பறைக்குள் நுழைய இடம் ஏற்படுகிறது. இழப்பு சிறுவனுக்குரியது, தன் தெருவிலுள்ள வேம்பைப் பார்க்கும் வாய்ப்பை அவன் இழக்கிறான்.

எனவே, பொருள் வேறுபாட்டிற்கேற்பச் சொல் வேறுபாடும் வேண்டும். ஒரு படைப்புக்கு முன்னேற்பாடாக வரைவதை 'முன்வரைவு' எனலாம். வண்ணமின்றிக் கோட்டால் நிறைவுபெற்ற ஓவியத்துக்குக் 'கோட்டோவியம்' பொருந்தும். இடத்திலேயே கண்டு விரைந்து வரைவதற்குத் தனிச்சொல் தேவை. கள ஆய்வு, களப்பணி என்பன நிலைபெற்றுவிட்டதால் 'களம்' என்பதை முன்னொட்டாகக் கொள்வது எளிது. ஆயினும் 'களவரைவு' என்றால் அகப்பொருள் பயின்றோர்க்குக் களவும் வரைவுமே முன்னிற்கும். ஆதலின் 'களச்சித்திரம்' என்பது ஏற்புடையதாகலாம். வ. ரா. உரைநடையில் ஆண்டு நிலைநிறுத்திய 'நடைச்சித்திரம்' என்னும் சொல்லாட்சியோடு இது ஒத்து நிற்கும் என்பது கூடுதல் நன்மை.

இத்தேவை இன்று மிகுந்துள்ளது. சியாட்டில் நகரப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் காம்பனாரியோ 2007இல் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' இயக்கத்தின் வழியில் இந்திய நகரங்களிலும் குழுக்கள் கூடி வரைகின்றன. நேரிற் கண்டு, இடத்திலேயே வரைதல் என்பதே அவ்வியக்கத்தின் முதல் விதி. 'ஸ்கெட்ச்' என்பதை ஒலிபெயர்த்து வைத்துக்கொள்வதும் ஒரு வழியே. நடைமுறையில் பலர் அதனையே ஆள்கின்றனர். அவ்வாறு ஆள்வோரும் முதலிடத்தில் ஒரு விளக்கத்தொடரைச் சேர்த்தல் நலம்.

முடிவுரை

பட்டறையில் படியெடுக்கவும், குடியேற்ற ஆட்சியில் அளக்கவும் பயன்பட்ட கோடு, சாந்திநிகேதனில் பார்க்கக் கற்பதற்கான கருவியாயிற்று. மூன்று நிலைகளிலும் கருவி ஒன்றே, கோடும் ஒன்றே. வேறுபடுத்தியது களமும் கூட்டமும் ஆகும். கோட்டை மட்டும் பெயரிட்டுக் களத்தை விட்டுவிடும் கலைச்சொல் இம்மாற்றத்தின் வரலாற்றையே மறைத்துவிடுகிறது. கலைக்கல்வி நூல்களைத் தமிழாக்குவோர் ஒவ்வோரிடத்தும் 'எங்கே வரையப்பட்டது, எதைப் பார்த்து வரையப்பட்டது' என்னும் இரு வினாக்களை எழுப்பிய பின்னரே சொல்லைத் தெரிதல் வேண்டும்.