இலங்கைத் தமிழர் மரபணுத்தொகை மாதிரிகள்

எஸ்.டி.யூ. என்ற குறியீட்டால் அறியப்படும் இவை, பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர்களிடமிருந்து பெறப்பட்ட டி.என்.ஏ. மாதிரிகள். 1000 மரபணுத்தொகைத் திட்டத்தின் (2008–2015) ஒரு பகுதி.

பின்னணி: 1983க்குப் பின் இலங்கை உள்நாட்டுப் போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து பெருந்தொகையானோர் புலம்பெயர்ந்தனர். அவர்கள் குடியேறிய நாடுகளுள் பிரித்தானியா முக்கியமானது. எனினும் இத்தொகுதியின் பெயர் இலங்கைத் தமிழரைப் பொதுவாகவே சுட்டும்; யாழ்ப்பாணத்தாரை மட்டும் குறிக்காது.

உள்ளடக்கம்: 2015இல் வெளியான இறுதித் தரவில் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் உள்ளனர். தெற்காசியர் 489 பேர். அவர்களுள் இலங்கைத் தமிழர் 102 பேர். அனைத்துக் குழுக்களிலும் மொத்தம் 8.8 கோடிக்கு மேற்பட்ட மரபணு மாறுபாடுகள் பதிவாயின.

மருத்துவப் பயன்: நோயாளியிடம் காணப்படும் ஒரு மாறுபாடு அவரது சமூகத்தில் பரவலாக இருந்தால், அது அரிய நோயொன்றின் காரணமாக இருக்கும் வாய்ப்பு குறைவு. இதை ஒப்பிட்டறிய இத்தகைய தரவு உதவுகிறது. ஒரு மாறுபாட்டின் பரவல் சமூகத்துக்குச் சமூகம் வேறுபடலாம். எடுத்துக்காட்டாக, இதயத்தசை நோயுடன் தொடர்புடைய, எம்.ஒய்.பி.பி.சி.3 மரபணுவின் 25 டி.என்.ஏ. எழுத்துகளின் இழப்பு தெற்காசியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் உண்டு என 2009இல் அறியப்பட்டது. பிற கண்டத்தவரிடம் அது அரிது.

வரம்புகள்: மாதிரி தந்தோரின் நோய் விவரங்கள் சேகரிக்கப்படவில்லை. எனவே எந்த நோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதை இத்தரவு சொல்லாது. மேலும், குழுவின் தரவைக் கொண்டு தனிமனிதரைக் கணிக்க இயலாது; ஏனெனில் மனித மரபணு வேறுபாட்டின் பெரும்பகுதி, ஏறத்தாழ 85 விழுக்காடு, குழுக்களுக்கு இடையிலன்றி ஒவ்வொரு குழுவுக்குள்ளேயே காணப்படுகிறது.