ஹைதரின் கடைசிக் கணக்கு

2003இல் எரல் மாரிஸ் இயக்கத்தில் வெளிவந்த 'தி ஃபாக் ஆஃப் வார்' ஆவணப்படம் பலருக்கு நினைவிருக்கும். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலராக இருந்த ராபர்ட் மக்னமாரா, தன் எண்பத்தைந்தாம் வயதில் காமிராவை நேராகப் பார்த்துப் பேசுகிறார். எதிரியைத் தவறாகப் புரிந்துகொண்டோம் என்பதை ஒப்புக்கொள்கிறார். பொறுப்பு யாருடையது என்ற கேள்வி நெருங்கும்போது மட்டும் விலகிக்கொள்கிறார்.

இதற்கு ஏறத்தாழ 220 ஆண்டுகளுக்கு முன், கடலூரையும் சிதம்பரத்தையும் போர்க்களமாக்கிய ஒரு முதிய அரசரும் தன் போரைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். அவர் முன் காமிரா இல்லை. எதிரே ஒரே ஒரு மனிதர். பேசியவர் மைசூரின் ஹைதர் அலி. கேட்டவர் அவருடைய அமைச்சர்களில் ஒருவரான பூர்ணையா.

போரின் காரணங்களைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1769இல் சென்னையில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி, ஹைதர் தாக்கப்பட்டால் ஆங்கிலேயர் துணைக்கு வரவேண்டும். மராத்தியர் மைசூர்மீது படையெடுத்தபோது அவர்கள் வரவில்லை. 1779இல் ஹைதரின் பாதுகாப்பிலிருந்த பிரெஞ்சுத் துறைமுகமான மாஹியையும் கைப்பற்றிக்கொண்டனர். 1780 ஜூலையில் ஹைதரின் படை கர்நாடகத்துக்குள் இறங்கியது. தொடக்கத்திலேயே சூறையாடப்பட்ட ஊர்களுள் பரங்கிப்பேட்டையும் ஒன்று. செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. நவம்பருக்குள் ஆற்காடும் வீழ்ந்தது. அதுவரை ஹைதரின் கணக்கில் பிழையேதும் தென்படவில்லை.

பிழை கடற்கரையில்தான் வெளிப்பட்டது. 1781 பிப்ரவரியில் வங்காளத்திலிருந்து வந்த தளபதி ஐர் கூட், சில நாள் உணவை மட்டும் வைத்துக்கொண்டு கடலூரில் சிக்கியிருந்தார். நிலப்பக்கம் ஹைதரின் குதிரைப்படை. கடல்பக்கம் தொர்வ் என்ற பிரெஞ்சுத் தளபதியின் கப்பல்கள். ஆங்கிலேயக் கப்பற்படையோ அப்போது மேற்குக் கரையில். பிரெஞ்சுக் கப்பல்கள் இன்னும் சில நாட்கள் நின்றிருந்தால் பட்டினியே கூட்டைப் பணிய வைத்திருக்கும். ஹைதர் எவ்வளவோ வேண்டியும் தொர்வ் மொரீஷியஸ் தீவுக்குத் திரும்பிவிட்டார். கடல்வழி திறந்தது. சென்னையிலிருந்து கடலூருக்கு அரிசி வந்தது. முற்றுகையின் பொருளே மாறிப்போயிற்று.

அடுத்த திருப்பம் சிதம்பரத்தில். உயர்ந்த மதில்களும் நான்கு கோபுரங்களும் கொண்ட தில்லைக் கோயில், அந்த நூற்றாண்டின் போர்களில் மீண்டும் மீண்டும் கோட்டையாகப் பயன்பட்டது. அங்கே ஹைதரின் காவற்படையும் தானியக் கையிருப்பும் இருந்தன. 1781 ஜூன் 18 அன்று கூட் அதைத் தாக்கி, பலத்த சேதத்துடன் விரட்டப்பட்டார். வெள்ளாற்றைக் கடந்து பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்கினார். அந்த வெற்றியில் ஊக்கம் பெற்ற ஹைதர், அதுவரை கவனமாகத் தவிர்த்துவந்த நேருக்குநேர் போருக்குத் துணிந்து, கடலூர்ச் சாலையை மறித்து நின்றார். சிதம்பரத்தில் வென்றதே பரங்கிப்பேட்டையில் தோற்றதற்கு வழியமைத்தது எனலாம்.

ஜூலை 1 அன்று போர். கூட்டிடம் ஏறத்தாழ 8,000 பேர். ஹைதரிடம் அதைப்போலப் பல மடங்கு. கூட் சாலையை விட்டு விலகி, கரையோர மணல்மேடுகளின் மறைவில் ஹைதரின் இடப்பக்கத்தைச் சுற்றி வந்தார். கடலிலிருந்து ஒரு சிறு போர்க்கப்பலும் சுட்டு உதவியது. அன்றைய ஹைதரைப் பற்றி ஆங்கிலேயர் வரலாறுகளில் ஒரு சித்திரம் உண்டு. மேட்டில் முக்காலி போட்டு அமர்ந்திருந்த அவர், படை கலைந்த பிறகும் எழ மறுக்கிறார். நெடுநாள் பணிபுரிந்த குதிரைக்காரன் ஒருவன் அவர் காலைப் பற்றிச் செருப்பை மாட்டி, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக் குதிரையில் ஏற்றி அனுப்புகிறான்.

பூர்ணையாவிடம் பேசியது இதற்குப் பிந்தைய காலத்தில். 1782 பிப்ரவரியில் தஞ்சைப் பகுதியில் தோற்ற பிரெய்த்வெய்ட்டின் பெயரும் அப்பேச்சில் வருவதால், அதற்கும் பின்னர் என்று கொள்ளலாம். பேச்சின் சாரம் இது: ஆங்கிலேயருடன் மனத்தாங்கல் இருந்தது உண்மை, ஆனால் போருக்குப் போதிய காரணம் இல்லை. காசு பெறாத ஈச்சங்கள்ளுக்கு ஒரு லட்சம் வராகன் கொடுத்தாயிற்று. எத்தனை பெய்லிகளைத் தோற்கடித்தாலும் அவர்கள் அழியப்போவதில்லை. நிலத்தில் அவர்களுடைய வளத்தைக் கெடுக்கலாம், கடலை வற்றவைக்க இயலாது. மராத்தியரை நம்பியிருக்கக் கூடாது. பிரெஞ்சுக்காரர் பெரும்படையோடு வந்து வென்றாலும், அவர்களை மைசூருக்குள் விடத் தம்மால் முடியாது.

இதை நமக்குத் தருபவர் மார்க் வில்க்ஸ். மைசூர் அரசவையில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்தவர்; 1810இல் தம் வரலாற்று நூலை வெளியிடத் தொடங்கினார். பூர்ணையாவோ 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஆங்கிலேயர் அமைத்த அரசின் திவான். தோற்றவரின் வருத்தம் வென்றவரின் ஏட்டில் பதிவாகும்போது நாம் ஐயுறவே வேண்டும். போர் தேவையற்றது என்று எதிரியே சொன்னதாக எழுதுவது கம்பெனிக்கு மிக வசதியானது. ஹைதருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம் குரலைத் தாமே பதித்துவைக்கும் வாய்ப்பும் அவருக்கு இருக்கவில்லை.

ஆயினும் கடலைப் பற்றிய சொல்லை நான் நம்புகிறேன். அதற்குச் சாட்சி வில்க்ஸின் ஏட்டுக்கு வெளியே இருக்கிறது. 1780 டிசம்பரில் மங்களூரில் ஹைதரின் கப்பல்களை ஆங்கிலேயர் எரித்தனர். இரண்டு மாதம் கழித்துக் கடலூரில் தொர்வின் பாய்கள் தொடுவானில் மறைந்தன. அடுத்து பரங்கிப்பேட்டை மணல்மேடுகள். இம்மூன்றையும் பார்த்த ஒருவர் வேறு முடிவுக்கு வந்திருக்க இயலாது.

அந்த அறிவால் போர் நிற்கவில்லை என்பதே வரலாற்றின் கொடுமை. 1782 ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. ஜூலையில் ஹைதர் அந்த வட்டாரத்துக்கு வந்து கடற்படைத் தளபதி சுஃப்ரேனைச் சந்தித்தார். டிசம்பர் 7 அன்று சித்தூர் அருகே பாசறையிலேயே இறந்தார். திப்பு வந்துசேரும்வரை மரணத்தை மறைத்துவைத்தவர்களுள் பூர்ணையாவும் ஒருவர். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடுதான் போர் முடிந்தது.

ஹைதரின் கணக்கில் வராகன் இருக்கிறது. கூட்டாளிகளின் துரோகம் இருக்கிறது. எரிந்த ஊர்களும், சென்னை வரை பரவிய பஞ்சமும் இல்லை. அவற்றைச் சொன்னவர் 1785இல் லண்டன் நாடாளுமன்றத்தில் பேசிய எட்மண்ட் பர்க். அதுவும் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிய விவாதத்துக்கு இடையே. மக்னமாராவுக்குக் கேள்வி கேட்க ஒரு மாரிஸ் இருந்தார். ஹைதரை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் இருவரின் கணக்கும் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறது: தம் படை எங்கே சறுக்கியது என்பதை அவர்கள் துல்லியமாக அறிந்திருந்தார்கள். அப்படை நடந்துபோன வயல்களுக்கு உரியவர்கள் அதில் ஒரு வரியும் பெறவில்லை.