தலையெழுத்தும் தலைக்காயமும்

முதுமையில் நினைவு மங்கினால் ‘தலையெழுத்து’ என்று கூறிப் பெருமூச்செறிவோர் உண்டு. எழுதியவன் எவன் என்று கேட்போர் இல்லை!

அமெரிக்காவில் அல்சைமர் முதலிய மறதி நோய்கள், வெள்ளை முதியோரைக் காட்டிலும் கறுப்பின முதியோரை ஏறத்தாழ இருமடங்கு பற்றுகின்றன. குருதியிலே உள்ள குறையா இது? வரலாறு வேறு விடை தருகிறது.

ஹாரியட் டப்மன் அம்மையார் 1822-ஆம் ஆண்டளவில் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். இளம்பருவத்தில், தப்பியோட முயன்ற அடிமையொருவனை நோக்கிக் கங்காணி வீசிய 2 ராத்தல் எடைக்கல் இவர் மண்டையைப் பிளந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே உறக்கத்தில் ஆழ்த்தும் நோய் அன்று பற்றியது; ஆயுள் முழுதும் விடவில்லை. எழுத்தறிவும் மறுக்கப்பட்டது. 1849-இல் தப்பினார்; தாம் மட்டும் தப்பியது போதுமென்று இருந்தாரில்லை. சுமார் 13 முறை திரும்பிச் சென்று, ஏறத்தாழ 70 பேரை மீட்டார். முதிய பெற்றோரையும் 1857-இல் அழைத்துவந்தார்.

உள்நாட்டுப் போரில் செவிலியாகவும் ஒற்றராகவும் உழைத்தார். போர் முடிந்தது 1865-இல். செவிலிப் பணியைக் கருதி ஓய்வூதியம் மாதம் 20 டாலராக உயர்ந்ததோ 1899-இல்!

அந்நாளில் முதியோர் இல்லங்கள் பலவற்றின் கதவு கறுப்பினத்தாருக்கு அடைபட்டிருந்தது. அம்மையார் 1896-இல் ஆபர்ன் நகரில், தம் வீட்டையடுத்த 25 ஏக்கர் நிலத்தை ஏலத்தில் எடுத்தார். பொறுப்பைத் தனியே தாங்கவியலாமல் 1903-இல் கறுப்பினத்தாரின் திருச்சபையிடம் ஒப்படைத்தார். சேர்வோர் 100 டாலர் கட்டவேண்டும் என்று விதி பேசப்பட்டபோது, இல்லாதவர்க்கன்றோ இல்லம் என்று வெகுண்டார். 1908-இல் இல்லம் திறந்தது. 1911-இல் அவரே அதில் சேர்ந்தார். 1913-இல், தொண்ணூறு வயதையொட்டி, தம்மவர் சூழ உயிர் நீத்தார்.

மறதி நோய்க்கு வழிகோலும், மாற்றத்தக்க 14 காரணங்களை லான்செட் ஆணையம் 2024-இல் பட்டியலிட்டது. அவையனைத்தும் களையப்பட்டால், நோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அதன் கணிப்பு. அவற்றுள் மூன்று: கல்விக் குறைவு, தலைக்காயம், தனிமை. முதலிரண்டை அடிமைமுறை அம்மையார்மீது சுமத்தியது. மூன்றாவதைத் தம் இனத்து முதியோரிடமிருந்து விரட்ட அவர் பாடுபட்டார்.

விதி வகுத்தவையல்ல இவை. மனிதர் செய்தவை, ஆகவே மனிதரால் மாற்றக்கூடியவை. தலையெழுத்து என்று எவரேனும் சொன்னால் கேளுங்கள், தோழர்களே: பள்ளிக் கதவை அடைத்தவர் யார்? எடைக்கல்லை எறிந்தவர் யார்? முதியோரைத் தனியே விட்டவர் யார்?