எது இல்லாமல் செய்தார்கள்?

அப்பாவோடு காரில் போகும்போது எதிரே பழைய லாண்ட் ரோவர் ஒன்று வந்தால் என் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். "இந்தத் தகரப் பெட்டியில அப்படி என்னடா இருக்கு?" என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்பார். அவர் சொல்வதும் சரிதான். கதவு தட்டை, கண்ணாடி தட்டை, கீல்கள்கூட வெளியே தெரியும். நான் பொறியியல் படித்தவன், கணினித் துறையில் வேலை செய்பவன். எனக்கு அந்தப் பெட்டி ஏன் பிடிக்கும் என்பதைச் சொல்ல, 1940இலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த ஆண்டு கோடையில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அமெரிக்க இராணுவம் அவசர அவசரமாக 135 நிறுவனங்களுக்கு ஓர் அழைப்பு அனுப்பியது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் சின்ன வாகனம் ஒன்று வேண்டும், முதல் மாதிரியை 49 நாட்களுக்குள் தர வேண்டும் என்பது நிபந்தனை. அதை நிறைவேற்றியது பென்சில்வேனியாவில் இருந்த அமெரிக்கன் பாண்டம் என்ற, கடனில் தத்தளித்த சிறிய நிறுவனம். வெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட கார்ல் ப்ரோப்ஸ்ட் என்ற பொறியியலாளர் அதன் வரைபடங்களைத் தயாரித்தார். செப்டம்பர் 23ஆம் தேதி வாகனம் இராணுவத்தின் கைக்குப் போனது.

அடுத்து நடந்ததைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பாண்டத்தின் வடிவமைப்பை இராணுவம் வில்லிஸ், ஃபோர்ட் நிறுவனங்களிடமும் காட்டியது. சின்ன நிறுவனத்தால் போருக்குத் தேவையான அளவு செய்து முடிக்க முடியாது என்பது அவர்கள் வாதம். போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களை அந்த இரண்டு நிறுவனங்களும் செய்தன. பாண்டத்துக்கு மிஞ்சியது, ஜீப்பின் பின்னால் பூட்டி இழுக்கும் ட்ரெய்லர் செய்யும் வேலை. ஆனால் இதை வெறும் திருட்டு என்றும் சொல்லிவிட முடியாது. வில்லிஸ் கொடுத்தது 60 குதிரைத்திறன் எஞ்சின். முன்பக்கக் கம்பிச் சட்டத்துக்குப் பதிலாக ஒரே தகட்டை அழுத்தி வெட்டிய கிரில் ஃபோர்டின் யோசனை. இன்றைக்கும் ஜீப்பின் அடையாளமாக நீங்கள் பார்க்கும் அந்த முகம் அதிலிருந்து வந்ததுதான். ஒரு வாகனத்தைக் "கண்டுபிடித்தவர் இவர்" என்று யாராவது ஒற்றைப் பெயர் சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

போர் முடிந்ததும் கதை பிரிட்டனுக்கு வருகிறது. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ், வேல்ஸில் உள்ள ஆங்கிள்சி தீவில் இருந்த தன் நிலத்தில் ஒரு பழைய இராணுவ ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அது பழுதாகி நின்றுபோனால் வேறு எதை வாங்குவது என்ற கேள்விக்கு நல்ல பதில் இல்லை. அதனால் தாங்களே ஒன்றைச் செய்வோம் என்று இறங்கினார்கள். 1947இல் செய்த முதல் மாதிரிக்கு ஜீப்பின் சட்டகத்தையே அடித்தளமாக வைத்தார்கள்.

ஆனால் நாட்டில் இரும்புக்குப் பங்கீடு. ஆகவே உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். தகட்டை வளைத்து அழுத்தும் விலையுயர்ந்த அச்சுகளுக்குக் காசு இல்லை, ஆகவே தட்டையான பக்கங்கள். இராணுவத்தில் மிஞ்சிய பச்சைப் பெயிண்ட் கிடைத்தது, ஆகவே பச்சை நிறம். 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை வெளியிட்டபோது, இரண்டு மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடிக்க ஒரு தற்காலிக ஏற்பாடு என்றுதான் நினைத்தார்கள். பிறகு டிஃபெண்டர் என்று பெயர் மாறிய அந்த வரிசையின் கடைசி வண்டி 2016 ஜனவரி 29ஆம் தேதிதான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது.

பழையது எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பழைய லாண்ட் ரோவரில் மழை உள்ளே வரும். அலுமினிய உடல் தாக்குப்பிடித்தாலும் கீழே உள்ள இரும்புச் சட்டகம் துருப்பிடிக்கும். விபத்தில் உங்களைக் காப்பாற்ற அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. குழந்தையை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக வேண்டுமென்றால் நானே புதிய காரைத்தான் எடுப்பேன். ஆனால் பழையதில் ஒரு பக்கத் தகடு நசுங்கினால் ஆணியைக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். எது ஏன் அங்கே இருக்கிறது என்று பார்த்தாலே விளங்கும். புதியதில் ஒரு சென்சார் பழுதானால் கணினியைக் கொண்டுவந்துதான் அதோடு கதைக்க வேண்டும். மென்பொருளால் சாப்பிடுகிறவன் நான். எனக்கே இது உறுத்துகிறது.

இதையெல்லாம் ஒருநாள் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, 1990களில் யாழ்ப்பாணத்தில் ஓடிய பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பொருளாதாரத் தடையால் பெட்ரோல் வரவில்லை. கிடைத்த சில துளி பெட்ரோலை விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அந்தக் கால எஞ்சின்களின் அழுத்த விகிதம் குறைவு என்பதால் அது சாத்தியம். சூடான பிறகுதான் மண்ணெண்ணெய் ஒழுங்காக ஆவியாகும் என்பதால் அந்தச் சில துளிகள் கட்டாயம் வேண்டும். எந்தப் பொறியியல் பாடத்திலும் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "கெட்டித்தனம் எண்டு நினைக்காதே. வேற வழி இல்லை. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணுமே," என்றார் அப்பா.

ஜீப்பைச் செய்தவர்களுக்கு நேரம் இல்லை. லாண்ட் ரோவரைச் செய்தவர்களுக்கு இரும்பு இல்லை. அப்பாவின் ஊரில் பெட்ரோல் இல்லை. மூன்றையும் சமமாக வைக்க மாட்டேன். ஒரு நிறுவனத்தின் தட்டுப்பாடும், முற்றுகைக்குள் வாழ்ந்த மக்களின் தட்டுப்பாடும் ஒன்றல்ல. ஆனால் இப்போது எந்தப் பழைய வாகனத்தைப் பார்த்தாலும், அது அழகா அசிங்கமா என்பதற்கு முன்னால், இதை எது இல்லாமல் செய்தார்கள் என்றுதான் கேட்கிறேன். நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

போன வாரம் மறுபடி ஒரு பச்சை லாண்ட் ரோவர் எங்களைக் கடந்து போனது. இந்த முறை அப்பாதான் திரும்பிப் பார்த்தார். "உது மண்ணெண்ணெயில ஓடுமோ?" என்று கேட்டார்.