ஊவாத் தேயிலை

இலங்கையின் ஊவா மாகாணத்தில் பதுளை, பசறை, மடுல்சீமை, பண்டாரவளை, அப்புத்தளை மலைகளில் விளையும் கறுப்புத் தேயிலை. தோட்டங்களில் பெரும்பாலானவை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளன. டார்ஜிலிங், சீனத்துக் கீமுன் ஆகியவற்றோடு இதையும் சேர்த்து உலகின் மூன்று சிறந்த தேயிலைகள் என எண்ணும் வழக்கம் ஜப்பானில் உண்டு.

தேயிலைக்கு முன் இம்மலைகளில் கோப்பி விளைந்தது. அதை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாக 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கண்டறியப்பட்டது. அதற்கு ஈராண்டுகள் முன்னதாகவே கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். ஊவா மாகாணம் 1886இல் உருவானபோது, கோப்பித் தூர்களைப் பிடுங்கிய குழிகளில் தேயிலை நாற்றுகள் ஊன்றப்பட்டுக்கொண்டிருந்தன.

அடுத்த சில ஆண்டுகளைப் பற்றித்தான் ஏடுகள் நிறையப் பேசுகின்றன. காரணம் தோமஸ் லிப்டன். கிளாஸ்கோவில் மளிகைக் கடைகள் நடத்திவந்த அவர் 1890இல் இலங்கை வந்தார். கோப்பி வீழ்ச்சியால் விலை குறைந்து கிடந்த தோட்டங்களை வாங்கினார். அவற்றுள் அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேதன்ன பெயர்பெற்றது; அங்குள்ள தொழிற்சாலை அவ்வாண்டிலேயே கட்டப்பட்டதாகக் கூறுவர். மலையுச்சியிலிருந்து கொழுந்துச் சாக்குகளைக் கம்பிவடத்தில் இறக்கும் முறையையும் அவரே தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. இடைத்தரகரைத் தவிர்த்துத் தன் கடைகளிலேயே, விலை குறித்த சிறு பொட்டலங்களாக அவர் தேயிலையை விற்றார். பிரித்தானியத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இலங்கைத் தேயிலை எட்டும் விலையில் கிடைத்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. அவர் அமர்ந்து தோட்டங்களைப் பார்த்த முகடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அந்த மலைகளில் நாற்று ஊன்றியவர்கள் தமிழகத்திலிருந்து கங்காணிமாரோடு வந்தவர்கள். அவர்களின் பெயர்கள் தோட்டப் பெயர்ப்பதிவேடான செக்ரோலைத் தாண்டி வரலாற்றில் ஏறவில்லை.

மலைநாட்டு ரயில்பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் எட்டியது. பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம் இந்தக் கடைசிக் கட்டத்தில் எழுந்தது. பதுளை நிலையம் 1924இல் திறக்கப்பட்டது.

ஊவாவின் புகழ் முழுவதும் ஒரு பருவத்தைச் சார்ந்தது. தென்மேல் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்குச் சரிவில் வறண்ட கச்சான் காற்றாக இறங்குகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வெயிலும் காற்றும் குளிர்ந்த இரவும் சேர்ந்து தளிரின் வளர்ச்சியை ஒடுக்குகின்றன. அந்நாள்களின் தேநீரில் குளிர்ச்சியான ஒரு நெடி ஏறும். இதற்குக் காரணமானவற்றுள் முதன்மையாகச் சுட்டப்படும் மெத்தில் சாலிசிலேட், மூட்டுவலித் தைலங்களிலும் உள்ள பொருள்தான். முதன்முறை குடிப்பவர் திகைப்பதும், பழகியவர் ஆண்டு முழுவதும் அதற்காகக் காத்திருப்பதும் உண்டு.

இந்த மணத்தில் காற்றுக்கு எவ்வளவு பங்கு, செடிக்கு எவ்வளவு பங்கு என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பழைய மலைகளில் நிற்பவை விதைத் தேயிலை. ஒவ்வொரு செடியும் தனிக் கன்று. ஒன்றைப்போல் மற்றொன்று இராது. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியை நன்கு தாங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்ட, நூறாண்டு கடந்த தூரும் மீண்டும் துளிர்க்கும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்த, தண்டுத் துண்டிலிருந்து வளர்க்கும் வி.பி. தேயிலை 1960களிலிருந்து பரவியது. அது கூடுதல் கொழுந்து தரும். ஆனால் அதற்கு ஆணிவேர் இல்லை. பழைய தூரில்தான் சுவை ஆழம் என்போரும், நல்ல வி.பி. மலையிலும் பருவ மணம் குறைவதில்லை என்போரும் உளர். தேயிலைச் சபையின் சிங்கச் சின்னம் தூய இலங்கைத் தேயிலை என்று உறுதிதருமே தவிரச் செடியின் வயதைச் சொல்லாது.

பருவத்தில் விலை ஏறுகிறது, கொழுந்து குறைகிறது. குறித்த நிறை சேராதவருக்கு அரைநாள் கூலியான அரைப்பேர் விழும் வழக்கம் இருந்த தோட்டங்களில், மிக உயர்ந்த தேயிலை விளைந்த வாரங்களே கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு நெருக்கடியான வாரங்களாயின.

குடியுரிமைச் சட்டம் 1948இல் இத்தோட்டத் தமிழ் மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகி, 1992இல் தனியார் நிர்வாகத்துக்குச் சென்றன. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று மண்சரிவு தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை மூடியது.

இரசாயன உரமின்றிப் பயிரிடும் முயற்சி 1980களில் இதல்கஸ்ஹின்ன தோட்டத்தில் தொடங்கியது. உலகின் முதல் இயற்கைவழித் தேயிலைத் தோட்டம் என அதைக் கூறுவோர் உண்டு. டார்ஜிலிங்கின் மகைபாரிக்கும் அதே உரிமை கோரப்படுகிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசு திடீரெனத் தடைசெய்து, அவ்வாண்டு இறுதிக்குள் தடையைக் கைவிட்டது. பல ஆண்டுகள் மண்ணைப் பக்குவப்படுத்தி மாறிய தோட்டத்தையும் ஒரே பருவத்தில் உரம் நிறுத்தப்பட்ட தோட்டத்தையும் ஒன்றாக வைத்து மதிப்பிட இயலாது.