வாழ்க்கைத்துணைக் குடியேற்ற மனு (அமெரிக்கா)

அமெரிக்கக் குடியுரிமை பெற்றவரோ, கிரீன் கார்டு வைத்திருக்கும் நிரந்தரவாசியோ, தம் கணவனை அல்லது மனைவியை அந்நாட்டில் நிரந்தரமாகக் குடியேற்றிக்கொள்ள அளிக்கும் மனு. படிவம் ஐ-130. அமெரிக்கக் குடியுரிமை மற்றும் குடியேற்றச் சேவைத் துறை இதைப் பரிசீலிக்கிறது. மனு ஏற்கப்பட்டால் உறவு உண்மையானது என்று அரசு ஒப்புக்கொண்டதாகப் பொருள்; விசா கொடுத்துவிட்டதாகப் பொருள் இல்லை. விசாவுக்குத் தனி விண்ணப்பமும் நேர்காணலும் பிறகு உண்டு.

எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதை, மனு போட்ட பிறகு எடுக்கும் முயற்சிகளைவிட நான்கு தேதிகளின் வரிசையே பெரிதும் தீர்மானிக்கிறது. திருமணம் நடந்த தேதி, கிரீன் கார்டு கிடைத்த தேதி, குடியுரிமை பெற்ற தேதி, மனு அரசிடம் போய்ச் சேர்ந்த தேதி ஆகியவையே அவை. எது முந்தியது, எது பிந்தியது என்பதில் சில வாரம் மாறினால்கூடச் சில ஆண்டுகள் கூடலாம், குறையலாம்.

பின்னணி

1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் குடிமக்களின் மனைவியரை நாட்டுவாரி ஒதுக்கீட்டிலிருந்து விலக்கியது. பெண் குடிமக்களின் கணவர்களுக்கு அதே சலுகையைத் தரவில்லை. ஆசியர் பெரும்பாலோருக்குக் கதவே அடைக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், படைவீரர்கள் வெளிநாட்டில் மணந்த பெண்களுக்காக 1945 டிசம்பரில் போர் மணப்பெண்கள் சட்டம் வந்தது. 1946இல் லூஸ்-செல்லர் சட்டம் இந்தியர்களுக்குக் குடியுரிமை பெறும் உரிமையையும் ஆண்டுக்கு 100 பேர் என்ற ஒதுக்கீட்டையும் தந்தது. கணவன், மனைவி என்ற பாகுபாட்டை 1952ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. இன்றைய அமைப்பு 1965ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து தொடங்குகிறது. 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வின்சர் வழக்குத் தீர்ப்புக்குப் பின் ஒருபாலின இணையருக்கும் இந்த மனு உரியதாயிற்று.

இரண்டு வரிசைகள்

குடிமக்களின் வாழ்க்கைத்துணை சட்டப்படி ‘உடனடி உறவினர்’. இவர்களுக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. மனுவையும் விசாவையும் பரிசீலிக்க ஆகும் காலம் மட்டுமே இவர்களின் காத்திருப்பு. 2020களின் முற்பகுதியில் மனு ஏற்கப்படவே ஏறத்தாழ ஓராண்டு ஆனது; அதற்குப் பின் தேசிய விசா மையம், தூதரகம் என்று மேலும் பல மாதங்கள்.

கிரீன் கார்டுக்காரர்களின் வாழ்க்கைத்துணைக்கும், மணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் எஃப்2ஏ என்ற தனிப் பிரிவு. குடும்ப வழிக் குடியேற்றத்தின் இரண்டாம் முன்னுரிமைக்கு ஆண்டுக்கு 1,14,200 இடங்கள் அடிப்படை ஒதுக்கீடு; அதில் 77 விழுக்காடு எஃப்2ஏவுக்கு. கேட்பவர்கள் அதைவிட அதிகமானால் வரிசை நீளும். மனு அரசிடம் சேர்ந்த நாளே ‘முன்னுரிமைத் தேதி’. வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் அந்தத் தேதி வரும்வரை விசா கிடைக்காது.

இந்தப் பிரிவில் ஓர் ஆறுதல் உண்டு. எந்த நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்ற வரம்பு எஃப்2ஏ இடங்களில் முக்கால் பங்குக்குப் பொருந்தாது. வேலைவழிக் கிரீன் கார்டில் இந்தியாவில் பிறந்தவர்களை ஆண்டுக்கணக்கில் தவிக்கவிடும் அந்த விதி இங்கே அவர்களை அழுத்துவதில்லை. எஃப்2ஏவில் இந்தியாவுக்கான தேதியும் பெரும்பாலான நாடுகளின் தேதியும் வழக்கமாக ஒன்றே.

2019 ஜூலை முதல் 2023 மார்ச் வரை எஃப்2ஏ ‘கரன்ட்’ நிலையில் இருந்தது. வரிசையே இல்லை என்று பொருள். ஆனாலும் 2020 ஏப்ரலில் வந்த அதிபர் ஆணை, வெளிநாட்டில் இருந்த எஃப்2ஏ துணைவர்களுக்கு விசா வழங்குவதைத் தடுத்தது. குடிமக்களின் துணைவர்களுக்கு விலக்கு அளித்தது. 2021 பிப்ரவரியில்தான் அந்தத் தடை நீங்கியது. 2023 ஏப்ரல் புல்லட்டினில் எஃப்2ஏ தேதி ஒரேயடியாக 2020 செப்டம்பர் 8க்குப் பின்வாங்கியது. 2025 ஜனவரியில் அது 2022 ஜனவரி 1 அளவில் நின்றது. அதாவது மூன்று ஆண்டு இடைவெளி. ‘இப்போது வரிசை இல்லை, மெதுவாகப் போடலாம்’ என்று மனுவைத் தள்ளிப்போட்டவர்களுக்குத்தான் இந்தப் பின்வாங்கல் கடுமையாக வலித்தது.

திருமணம் முந்தியா, கிரீன் கார்டு முந்தியா

அமெரிக்காவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களை இந்தச் சட்டம் நேராகத் தொடும் இடம் இதுதான். எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர் திருமணம் செய்தால் மனைவியோ கணவனோ எச்-4 என்ற துணைவர் விசாவில் வந்துவிடலாம். அதற்கு ஆண்டு ஒதுக்கீடு இல்லை. அதே நபர் கிரீன் கார்டு பெற்ற பிறகு மணந்தால் எச்-4 என்ற வழியே இல்லை. எஃப்2ஏ வரிசையில் நிற்க வேண்டும். தற்காலிக விசாக்காரருக்குக் கிடைக்கும் இல்லறம் நிரந்தரவாசிக்குத் தள்ளிப்போவது சட்டத்தின் ஆகக் கொடிய முரண். அரை நூற்றாண்டுக்கு மேலாக இது சரிசெய்யப்படாமல் கிடப்பதற்கு நியாயம் எதுவும் தெரியவில்லை.

கிரீன் கார்டுக்கு முன்பே நடந்த திருமணமானால் நிலைமை தலைகீழ். வேலைவழியிலோ குடும்ப முன்னுரிமை வழியிலோ கிரீன் கார்டு பெற்றவரின் துணைவர் அவருடைய முன்னுரிமைத் தேதியிலேயே ‘பின்தொடர்ந்து சேர’ முடியும். புதிய ஐ-130 தேவையில்லை. பெரும்பாலும் ஐ-824 என்ற படிவம் போதும். திருமணம் ஒரு நாள் முந்தினாலும் இந்த உரிமை உண்டு, ஒரு நாள் பிந்தினால் இல்லை. குடிமகனின் துணையாக, அதாவது உடனடி உறவினராகக் கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்த வழி பொருந்தாது.

நடைமுறையில் சிக்கல் எப்படி வருகிறது என்றால், ஐப்பசியில் நிச்சயதார்த்தம் முடிகிறது. தையில் முகூர்த்தம் குறிக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்த மாப்பிள்ளையின் ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பம் மார்கழியில் ஒப்புதலாகிவிடுகிறது. மாப்பிள்ளை வீட்டில் இனிப்பு வழங்குகிறார்கள். பெண்ணுக்கு மூன்றாண்டுக் காத்திருப்பு தொடங்கிவிட்டது என்பது பிறகுதான் தெரிகிறது. ஆகவே, தேதி நெருங்கும்போது சடங்குக்கு முன்பாகவே 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவுத் திருமணம் செய்துகொள்ளும் இணையர் உண்டு. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பதால் கடைசி வாரத்தில் யோசித்துப் பயனில்லை.

இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் நடக்கும் திருமணம் இதற்கு உதவாது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அமெரிக்காவில் இருந்த மணமகனைக் காணொளி வழியே பங்கேற்கச் செய்து திருமணத்தைப் பதிவு செய்ய அனுமதித்தது. இந்தியச் சட்டப்படி அத்திருமணம் செல்லும். ஆனால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம், மணமக்கள் ஒருவர் முன் ஒருவர் இல்லாமல் நடந்த திருமணத்தை, அதன்பின் தாம்பத்திய வாழ்வு தொடங்கியிருந்தால் மட்டுமே கணக்கில் கொள்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கிரீன் கார்டுள்ள அப்பாவோ அம்மாவோ 21 வயது கடந்த மகனுக்கோ மகளுக்கோ மனு போட்டிருந்தால், அது மணமாகாதவர்களுக்கு மட்டுமான பிரிவு. விசா கைக்கு வருமுன் கல்யாணம் செய்தால் மனு அந்தக் கணமே செத்துவிடும். அங்கே திருமணத்தைத் தள்ளிவைப்பதுதான் சரி. குடியேறிய பிறகு மணந்து, துணைவருக்குத் தனியே மனு போட வேண்டும்.

குடியுரிமைக்காகக் காத்திருக்கலாமா

கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டுகளில் குடியுரிமைக்குத் தகுதி வருகிறது. விண்ணப்பத்தை 90 நாள் முன்னதாகவே கொடுக்கலாம். ‘குடியுரிமை வரட்டும், அப்புறம் ஐ-130 போடுவோம்’ என்ற யோசனை பரவலாக இருக்கிறது. இது தவறான கணக்கு. திருமணச் சான்றிதழ் கையில் வந்ததும் எஃப்2ஏவில் மனு போட்டுவிட்டால், பரிசீலனை நடந்துகொண்டிருக்கும். இடையில் குடியுரிமை கிடைத்ததும் மனு தானாகவே உடனடி உறவினர் பிரிவுக்கு மாறும். சான்றிதழின் நகலை, மனு எங்கே இருக்கிறதோ அந்த அலுவலகத்துக்கு அனுப்பித் தெரிவித்தால் போதும். புதிய மனு, புதிய கட்டணம் எதுவும் இல்லை.

பிள்ளைகள் இருக்கும் குடும்பம் இங்கே கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். எஃப்2ஏவில் தாயின் மனுவோடு பிள்ளையும் ஒட்டிக்கொண்டு வரலாம். உடனடி உறவினர் பிரிவில் அப்படி ஒட்டிவர வழியில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி ஐ-130 வேண்டும். குடியுரிமை வாங்கிய மகிழ்ச்சியில் இதை மறந்து, நேர்காணல் நாளில் தாய்க்கு விசா, பிள்ளைக்கு இல்லை என்ற நிலைக்கு ஆளாகும் குடும்பங்கள் உண்டு. குடியுரிமை வரப்போகிறது என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே பிள்ளைகளுக்கும் தனித்தனியாக மனு போட்டுவிடுவது பாதுகாப்பு. முன் திருமணத்துப் பிள்ளையானால், அப்பிள்ளைக்கு 18 வயது ஆகுமுன் இந்தத் திருமணம் நடந்திருக்க வேண்டும்.

உள்ளிருந்தா, வெளியிலிருந்தா

துணைவர் ஏற்கெனவே முறையான விசாவில் அமெரிக்காவுக்குள் இருந்தால், குடிமகனின் மனுவோடு சேர்த்து ஐ-485 விண்ணப்பத்தையும் கொடுத்து அங்கேயே கிரீன் கார்டு பெறலாம். முறையாக நுழைந்தவர் விசாக் காலம் கடந்து தங்கியிருந்தாலும் உடனடி உறவினராயின் மன்னிப்பு உண்டு, எஃப்2ஏவில் கிடையாது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முன்அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுப் போனால், எச், எல் போன்ற சில விசாக்காரர்கள் நீங்கலாக மற்றவர்களின் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

சுற்றுலா விசாவில் வரவழைத்து உள்ளேயே விண்ணப்பிக்கும் எண்ணத்தோடு யாரையும் விமானம் ஏற்றக் கூடாது. நோக்கத்தை மறைத்து நுழைந்ததாகத் தீர்மானித்தால் அது நிரந்தரத் தடை வரை போகும். வந்த 90 நாட்களுக்குள் அப்படிச் செய்பவர் பொய்யான நோக்கம் சொன்னவராகவே கருதப்படலாம் என்று தூதரக அதிகாரிகளுக்கான கையேடு சொல்கிறது.

குறுக்குவழியாகப் பேசப்படும் கே-3 விசா, மனுத் தாமதத்தால் பிரிந்திருக்கும் இணையருக்காக 2000ஆம் ஆண்டுச் சட்டம் உண்டாக்கியது. ஐ-130க்கு முன்னால் அது நகர்வதே அபூர்வமாகிவிட்டதால் இன்று பெயரளவில்தான் இருக்கிறது. கே-1 விசா திருமணம் நிச்சயிக்கப்பட்டவர்களுக்கு, மணமானவர்களுக்குப் பொருந்தாது. தூதரகத்திலேயே நேரடியாக மனு கொடுக்கும் வழி 2020 முதல் விதிவிலக்கான சூழல்களுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது.

கட்டணமும் ஆவணங்களும்

2024 ஏப்ரல் 1 முதல் ஐ-130க்கு இணையவழியில் 625 டாலர், தாளில் 675 டாலர். ஏற்கப்பட்ட மனு நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத்தில் உள்ள தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே டிஎஸ்-260 விண்ணப்பம், காவல்துறைச் சான்று, ஐ-864 என்ற வருமானப் பொறுப்புறுதி ஆகியவை சேர வேண்டும். வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 விழுக்காடு காட்ட வேண்டும். 2025 கணக்கில் இருவர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 26,400 டாலர். குறைந்தால் இன்னொருவர் இணைப் பொறுப்பேற்கலாம். இந்தப் பொறுப்பு விவாகரத்தாலும் முடிவதில்லை என்பதை, நண்பருக்காகக் கையெழுத்திடுபவர் அறிந்தே இட வேண்டும்.

தமிழர்களின் ஆவணங்களில் அதிகம் தடுக்குவது பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் பெயர் மட்டும். பள்ளிச் சான்றிதழில் முன்னால் ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது. திருமணச் சான்றிதழில் கணவர் பெயர் சேர்ந்துகொண்டது. நான்கும் ஒரே ஆள் என்று அதிகாரிக்குப் புரிய வைக்க உறுதிமொழிப் பத்திரம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். பிறப்பே பதிவாகாமல் போயிருந்தால், பதிவில்லை என்ற சான்றும் மாற்று ஆதாரங்களும் தேவை. கோயில் ரசீதோ மண்டபத்துச் சான்றோ போதாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம்; அந்தச் சான்றிதழே வேண்டும். 1967இல் சட்ட ஏற்புப் பெற்ற சுயமரியாதைத் திருமணமும் செல்லும். நடந்த இடத்தின் சட்டப்படி செல்லும் திருமணத்தை அமெரிக்கா பொதுவாக ஏற்கிறது.

இந்தியாவில் குடியேற்ற விசா நேர்காணல் மும்பைத் துணைத் தூதரகத்தில் நடக்கிறது. சென்னையில் துணைத் தூதரகம் இருந்தும் தமிழ்நாட்டார் மும்பைக்குத்தான் போக வேண்டும். இலங்கையருக்குக் கொழும்புத் தூதரகம்.

நிபந்தனைக் கிரீன் கார்டு

1986ஆம் ஆண்டுத் திருமண மோசடித் தடுப்புத் திருத்தங்களின்படி, குடியேற்ற விசாவில் அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகாதிருந்தால் இரண்டாண்டு நிபந்தனைக் கிரீன் கார்டுதான் கிடைக்கும். அது காலாவதியாகும் முன்னுள்ள 90 நாட்களில் இருவரும் ஐ-751 மனு கொடுத்து நிபந்தனையை நீக்க வேண்டும். கணக்கில் வருவது விசா ஒட்டிய நாள் இல்லை, நுழையும் நாள். இரண்டாம் ஆண்டு நிறைவுக்குச் சில வாரமே இருந்து, விசாவும் காலாவதியாகாது என்றால், பயணத்தைத் தள்ளிவைப்பது இன்னொரு மனுவையும் இன்னொரு காத்திருப்பையும் மிச்சப்படுத்தும்.

துரிதப்படுத்தலும் மறுப்பும்

கடும் நோய், பெரும் பொருள் இழப்பு போன்ற காரணங்களை ஆவணத்தோடு காட்டித் துரிதப் பரிசீலனை கேட்கலாம். பிரிவின் துயரம் மட்டும் காரணமாக ஏற்கப்படுவதில்லை. நியாயமற்ற தாமதத்துக்கு எதிராகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் முடிவெடுக்கக் கட்டளை கேட்கலாம். நீதிமன்றம் முடிவெடுக்கச் சொல்லும், ஏற்கச் சொல்லாது. போலித் திருமணம் என்று ஒருமுறை தீர்மானமானால், அந்த நபருக்காகப் பின்னாளில் யார் மனு போட்டாலும் ஏற்கப்படாது.

நேர்காணலில் ஆவணக் குறைக்காக நிறுத்திவைத்தால் குறையைத் தீர்த்து விசா பெறலாம். தகுதியின்மை என்று மறுத்தால் தடைக்கேற்ற விலக்கு மனு சிலவற்றுக்கு மட்டும் உண்டு. தூதரக அதிகாரியின் மறுப்பை நீதிமன்றத்தில் எதிர்க்க அநேகமாக வழியில்லை. 2024 ஜூனில் முன்யோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், குடியுரிமையுள்ள ஒருவருக்குத் தம் வாழ்க்கைத்துணை நாட்டுக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் என்பதில் அடிப்படை உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கின் மனைவி அமெரிக்கர், கணவர் எல் சால்வடாரைச் சேர்ந்தவர். அவருக்கு விசா மறுக்கப்பட்டது 2015இல்.