ஆற்றுக் கடிதமும் அறிக்கைக் கோப்பும்



நாம் வாழும் தெப்ராவின் வரலாற்றில் 1844 மறக்கவியலாத ஆண்டு. அவ்வாண்டு முதல் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம், காட்டை அழித்துக் காம்பியரும் மிளகும் பயிரிட வந்த சீனத் தலைவர்களுக்குச் 'சூராட் சுங்கை' எனும் ஆற்றுக் கடிதங்களை வழங்கினார். தான் கீ சூன் தலைமையில் காங்கார் தெப்ராவ் உருவானதும் அவ்வாண்டில்தான். இம்முறை 1917இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும், நாள் குறித்த அக்கடிதங்களின் பதிவுகள் எஞ்சியமையால் ஆய்வாளர்கள் அக்கால ஜொகூரை அறிய முடிகிறது.

இன்று நம் பள்ளிப் பதிவுகள் கணினித் தரவுத்தளத்தில் உள்ளன. அதில் ஒரு குறை உண்டு. மாணவரின் முகவரியையோ வகுப்பையோ திருத்தினால், பழைய விவரம் பெரும்பாலும் அழிந்துவிடும். தரவுத்தளம் காட்டுவது இன்றைய நிலையை. சென்ற ஆண்டின் நிலையை அன்று. ஒருமுறை முன்னாள் மாணவர் ஒருவரின் தாயார், மகன் எந்தெந்த ஆண்டுகளில் படித்தான் எனக் கேட்டு வந்தார். கணினியில் இறுதிப் பதிவு மட்டுமே இருந்தது. விடை தந்தது பழைய கையெழுத்துப் பதிவேடு!

இக்குறைக்கு மருந்து, அறிக்கையைக் குறித்த நாளில் தானாகவே பி.டி.எஃப். கோப்பாகச் சேமிப்பதாகும். அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட இவ்வடிவம், எழுத்துருவையும் கோப்பினுள்ளேயே பொதியவல்லது. ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு வைத்திருந்த அக்காலத்தில் இது பேருதவியாயிற்று. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் நூல்களை இவ்வடிவில் வழங்கியது. நெடுங்காலப் பாதுகாப்பிற்கென 2005இல் வெளியான பி.டி.எஃப்./ஏ எனும் அனைத்துலகத் தரம், எழுத்துருவைப் பொதிவதைக் கட்டாயமாக்கியது.

செய்முறை எளிது. தவணை இறுதியில் கணினி அறிக்கையைத் தயாரித்து, கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாளைச் சேர்த்துத் தனி உறையில் வைக்குமாறு ஒருமுறை அமைத்தால் போதும். பழைய கோப்பின்மேல் புதியது எழுதப்படலாகாது. தமிழ்ப் பெயர்கள் யூனிகோட்டில் இருத்தல் நன்று. இன்றேல் கண்ணுக்குத் தெரியும் பெயர் தேடலில் அகப்படாது. வேறோரிடத்தில் ஒரு படியும் இருக்கட்டும். மாணவர் விவரங்கள் ஆதலால், கடவுச்சொல் காவலும் தேவை.

காட்டாற்றோரக் காகிதம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் பயன் தருகிறது. நம் பிள்ளைகள் இங்குப் படித்தார்கள் என்பதற்கான சான்று, அடுத்த திருத்தம் வரையிலாவது நிற்க வேண்டாமா? சிந்திப்போம், செயல்படுவோம்.